குடத்துக்குள் யாருடைய பெயர் இருந்தது? ஏழாம் வகுப்பு மாணவியின் கேள்விக்கு விடை தேடுகிறேன்

ஒன்றியப் பள்ளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் ஏழாம் வகுப்பில் பிற்காலச் சோழர்களின் உள்ளாட்சியை நடத்தியபோது, உத்திரமேரூர்க் கல்வெட்டையும், தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு எடுத்துப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையையும் விளக்கிவிட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்களாட்சியைக் கண்ட மண் இது என்று வழக்கம்போல் பெருமிதத்தோடு முடித்தேன். அப்போது ஒரு மாணவி எழுந்து, அந்தக் குடத்தில் போட்ட ஓலைகளில் பெண்களின் பெயர் இருந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். தன் தாத்தாவைப் போலச் சொந்த நிலம் இல்லாத கூலித் தொழிலாளியின் பெயராவது இருந்திருக்குமா என்றாள். அதற்கும் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அப்படியானால் அதை மக்களாட்சி என்று ஏன் சொன்னீர்கள் என்று அவள் கேட்டபோது என்னிடம் நேரான விடை இல்லை.

பாடத்தை மறுபடியும் நடத்த விரும்புகிறேன். பெருமைப்பட வேண்டியதை மறைக்காமலும், அந்தப் பிள்ளையிடம் பொய் சொல்லாமலும் இதை எப்படி நடத்துவது? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வினா விடையை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாமல், தாங்களே சிந்திக்கும்படி செய்ய என்ன வழி?

கல்வெட்டு வாசகர் எழுதியது:

அம்மா, உங்கள் மாணவி ஒரு வரலாற்றாசிரியர் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள். விடையை நீங்கள் சொல்வதைவிடக் கல்வெட்டே சொல்லும்படி விட்டுவிடுங்கள்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட இந்தக் கல்வெட்டுகள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றொன்று கி.பி. 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாடம் நடத்தும்போது இந்த இரண்டு ஆண்டு இடைவெளியைத் தவறவிடாதீர்கள். ஒருமுறை வகுத்த விதிகளை இரண்டே ஆண்டுகளில் மாற்றி, இன்னும் விரிவாக எழுத வேண்டிய தேவை ஏன் வந்தது என்று கேட்டால், வகுப்பே ஊகிக்கத் தொடங்கிவிடும்.

அடுத்ததாகத் தகுதிகளைப் பலகையில் எழுதுங்கள். வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேலும் 70-க்குக் கீழும் இருக்க வேண்டும். வேதக் கல்வி பெற்றிருக்க வேண்டும். இன்றைய வழக்கில் ஒரு வேலி ஏறக்குறைய 6.67 ஏக்கர் என்பதால், அந்தக் கணக்கில் கால் வேலி ஒன்றேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த அளவு உடனே கண்முன் வந்துவிடும். பலகையைப் பார்த்தபடி, தங்கள் தெருவில் யார் யாருடைய பெயர் குடத்துக்குள் போகும், யாருடையது போகாது என்று அவர்களே சொல்லட்டும். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊர் என்பதையும், அங்கிருந்த அவை சபை எனப்பட்டது என்பதையும், வேளாண் குடிகள் வாழ்ந்த ஊர்களில் ஊர் என்ற அவையும் வணிகர் குடியிருப்புகளில் நகரம் என்ற அவையும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், சோழ நாடு முழுவதும் ஒரே முறைதான் இருந்தது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் பெருமைப்பட நிறையவே மிஞ்சும். ஊர்ப் பணிகளைக் கவனித்த குழுவான வாரியத்தில் பொறுப்பு வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரையும், அவருடைய நெருங்கிய உறவினரையும் அந்த விதிகள் தள்ளிவைத்தன. அண்மையில் பொறுப்பு வகித்தவர் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடியும் வர முடியும். அவர்கள் யாரை உள்ளே விட்டார்கள் என்பது வேறு கேள்வி. உள்ளே வந்தவர்களை எவ்வளவு கண்டிப்பாக நடத்தினார்கள் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஏழாம் வகுப்புப் பிள்ளைகளால் முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தஞ்சைப் பட்டதாரி ஆசிரியர் எழுதியது:

நான் இதை நடித்துக் காட்டச் சொல்வேன். ஒரு மண்குடமும் ஓலைக்குப் பதிலாகத் தாள் துண்டுகளும் போதும். சிறுவன் ஒருவன் சபையோர் அனைவர் முன்னிலையிலும் ஓலையை எடுப்பான் என்பதும், அதை வாங்கும் மத்தியஸ்தன், அதாவது நடுவர், ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்திக்கொள்வான் என்பதும் கல்வெட்டிலேயே உள்ளன. ஏன் விரல்களை விரிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். விரலிடுக்கில் வேறு ஓலையை மறைத்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்று எப்படியும் ஒரு பிள்ளை சொல்லிவிடும். ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்தும் வந்த முப்பது பேர் சம்வத்சர வாரியம் எனப்பட்ட ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் எனப் பிரிந்தார்கள். கூட்டிப் பார்த்து முப்பது சரியாக வருவதைக் கண்ட பிள்ளைகளுக்கு அந்த எண்கள் மனப்பாடம் செய்யாமலே நினைவில் நின்றதை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

மேலே இருவரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் தேர்வு எழுதியாக வேண்டும். குடவோலை முறை என்றால் என்ன என்ற வினாவுக்குத் தெளிவான நான்கு வரி விடையை எழுதக் கற்றுக்கொடுத்த பிறகே விவாதத்துக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. விவாதத்தில் ஆர்வமாகப் பேசிய பிள்ளைகள் தேர்வில் எதை எழுதுவது என்று தெரியாமல் குழம்பியதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழப்பத்துக்கு நாம்தான் பொறுப்பு.

ஒன்றியப் பள்ளி ஆசிரியை எழுதியது:

ஐயா, உங்கள் எச்சரிக்கையை ஏற்று, முதல் பாடவேளையின் பாதியை விடை எழுதும் பயிற்சிக்கு ஒதுக்கினேன். மீதி நேரத்தில் தகுதிகளைப் பலகையில் எழுதினேன். மறுநாள் குடத்தைக் கொண்டுபோனேன். கேள்வி கேட்ட மாணவியே மத்தியஸ்தராக நின்று, உள்ளங்கையை விரித்து ஓலையை வாங்கினாள். வாங்கியதும், அந்தக் காலத்தில் தான் இந்த இடத்தில் நின்றிருக்கவே முடியாது என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னாள். அதன்பின் வகுப்பில் வெகுநேரம் பேச்சு நடந்தது, நான் குறுக்கிடவில்லை.

இனி இன்றைய ஊராட்சியோடு ஒப்பிட நினைக்கிறேன். அதை எங்கிருந்து தொடங்குவது?

கல்வெட்டு வாசகர் எழுதியது:

அதே பலகையிலிருந்து தொடங்குங்கள், அம்மா. பழைய தகுதிகளுக்கு எதிரே இன்றைய தகுதிகளை எழுதச் சொல்லுங்கள். ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. 18 வயது நிறைந்த வாக்காளர் எவரும் வாக்களிக்கலாம், 21 வயது நிறைந்தவர் போட்டியிடலாம், நிலம் வேண்டியதில்லை, தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை என்று எழுதிக்கொண்டே வந்தால், தன் தாத்தாவின் பெயரும் தன் பெயரும் எந்தப் பக்கம் வருகின்றன என்பதை அந்த மாணவியே கண்டுகொள்வாள்.

அடுத்த கிராம சபைக்கு, தலைமையாசிரியரின் அனுமதியோடும் பெற்றோரின் ஒப்புதலோடும் பிள்ளைகளைப் பார்வையாளர்களாக அழைத்துச் செல்லுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய இரண்டு நாட்களிலும் கொடியேற்றத்துக்கு எப்படியும் பள்ளிக்கு வருவார்கள் என்பதால் அது எளிது. வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது கவனித்துக் கேட்கச் சொல்லுங்கள். கணக்குக் காட்டாதவர் குடத்துக்குள் வரக்கூடாது என்று உத்திரமேரூர்ச் சபையார் ஏன் எழுதி வைத்தார்கள் என்பது அப்போது புரியும்.