சித்தப்பாவின் ஈறும் டாக்டர் வைக்கச் சொன்ன மருந்தும்

சேலம் சித்தப்பா: நித்யா பாப்பா, நீ பல் டாக்டர்தானே, ஒரு சந்தேகம். ஈறில் ரத்தம் வந்ததற்கு டீப் கிளீனிங் செய்தேன் இல்லையா? நேற்று மறுபடி அளந்து பார்த்தார்கள். கடைவாயில் இரண்டு இடத்தில் மட்டும் பாக்கெட் இன்னும் 6 மில்லிமீட்டர் இருக்கிறதாம். உள்ளே ஆன்டிபயாடிக் வைக்கலாம் என்கிறார் டாக்டர். மெடிக்கலில் ஈறுக்கு ஜெல் விற்கிறதே, அதைத் தடவினால் போதாதா?

மதுரை அத்தை: நான் அந்த ஜெல்தான் தடவுகிறேன் தம்பி. எரிச்சல் அடங்கிவிடுகிறது.

நித்யா: இரண்டும் வேறு வேறு சித்தப்பா. பாக்கெட் என்பது ஈறு பல்லை விட்டு விலகி உண்டான பள்ளம். நல்ல ஈறில் 1 முதல் 3 மி.மீ.தான் இருக்கும். உங்களுக்கு 6. மேலே தடவும் ஜெல் அந்த அடி வரைக்கும் போகாது.

நித்யா: போனாலும் அங்கே தங்காது. பாக்கெட்டுக்குள் ஈறிலிருந்து ஒரு நீர் ஊறி வெளியே வந்துகொண்டே இருக்கும். 5 மி.மீ. பாக்கெட்டில் அது மணிக்குச் சுமார் 40 தடவை புதிதாக மாறிவிடுகிறது. எந்த மருந்தையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும் பொருளை உள்ளேயே வைக்கிறோம். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் நிரப்பிய இழையை வைத்து இதை முதலில் செய்து காட்டியவர் பாஸ்டனில் இருந்த மேக்ஸ் குட்சன், 1979ல்.

பெரியம்மா: இழையா? அப்புறம் அதை யார் எடுப்பது?

நித்யா: இப்போது எடுக்க வேண்டியதில்லை பெரியம்மா. நம் ஊரில் வைக்கும் நார் கொலாஜன் என்ற புரதம். தானே கரைந்துவிடும். சென்னையிலேயே தயாராகிறது. ஒரு குப்பியில் 25 மில்லிகிராம் நார், அதில் டெட்ராசைக்ளின் சுமார் 2 மில்லிகிராம்தான்.

சேலம் சித்தப்பா: அவ்வளவு கொஞ்சமா? அதற்கு மாத்திரையே போட்டுவிடலாமே.

நித்யா: மாத்திரை என்றால் 250 மி.கி. நான்கு வேளை, ஒரு நாளைக்கு 1000 மி.கி. உடம்பு முழுக்கச் சுற்றி, வயிற்றைக் கெடுத்து, கடைசியில் ஈறுக்கு வருவது கொஞ்சம். இரண்டே இடத்துக்காக அது வேண்டாம். குடலில் இருக்கும் கிருமிகளும் மருந்துக்குப் பழகிவிடும்.

நியூஜெர்சி கார்த்தி: நித்யா, இங்கே எனக்குப் பொடி மாதிரி ஒன்று வைக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் தனி பில். எட்டுப் பல்லுக்கு வைக்கணுமாம்.

நித்யா: அது மினோசைக்ளின் அண்ணா, அதே வகை ஆன்டிபயாடிக். அங்கே 2001ல் அனுமதி கிடைத்தது. ஓர் இடத்துக்கு 1 மி.கி. முதலில் ஒன்று கேளுங்கள்: வேர் வரைக்கும் கிளீனிங் ஆகிவிட்டதா? அதற்கு அப்புறம் அளந்தார்களா? அளக்காமலே எட்டுப் பல்லுக்கு என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிளீனிங்கிலேயே பல இடம் தானாக இறுகிவிடும்.

நித்யா: இன்னொன்று. இந்த மருந்தால் கிடைக்கும் கூடுதல் பலன் சராசரியாக அரை மில்லிமீட்டர் அளவுதான். 2015ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இதற்கு வலுவான பரிந்துரை இல்லை. முக்கிய வேலை பல்லில் இறுகிப் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது. தண்ணீர்த் தொட்டியில் படியும் வழவழப்பு மருந்து ஊற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும். பல் வேரில் ஒட்டிய கிருமிப் படலமும் அப்படித்தான்.

சேலம் சித்தி: அப்போ இவருக்கு வைக்கலாமா, வேண்டாமா? அதைச் சொல் கண்ணு.

நித்யா: வைக்கலாம் சித்தி. கிளீனிங் முடிந்து, மறுபடி அளந்து, 5 மி.மீ.க்கு மேல் ஒன்றிரண்டு இடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதற்குத்தான் அந்த மருந்து. டெட்ராசைக்ளின், டாக்ஸிசைக்ளின் எது சாப்பிட்டாவது சித்தப்பாவுக்கு அலர்ஜி வந்திருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். வைத்த பக்கம் ஒரு வாரம் முறுக்கு, கடலை வேண்டாம். அந்த இடத்தில் குச்சி, நூல் விட்டுக் குடைய வேண்டாம். சிகரெட்டை இப்போதாவது நிறுத்தச் சொல்லுங்கள், அது இருந்தால் ஈறு சரியாக ஆறாது.

நித்யா: அத்தை, எனக்கு உங்கள் கவலைதான். எத்தனை மாதமாக ஜெல் தடவுகிறீர்கள்? சுகர் எவ்வளவு?

மதுரை அத்தை: ஒரு வருஷம் இருக்கும்மா. மூன்று மாதச் சராசரி 9 என்று வந்தது. வலி ஒன்றும் இல்லை, முன்பல்தான் லேசாக ஆடுகிறது.

நித்யா: ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது அத்தை. வலிக்காமலே எலும்பு கரையும். எரிச்சல் அடங்கியதால் நோய் அடங்கியது என்று அர்த்தம் இல்லை. சுகர் ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சுகரும் இறங்க மறுக்கும். ஜெல்லை நம்பி இன்னும் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே பெரியாஸ்பத்திரி பல் பிரிவில் காட்டுங்கள், செலவும் அதிகம் ஆகாது. சுகர் ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

மதுரை அத்தை: ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்றுதான் போகவில்லை.

நித்யா: லேசாக ஆடினால் பெரும்பாலும் காப்பாற்றலாம் அத்தை. இன்னும் ஒரு வருஷம் விட்டால் சொல்ல முடியாது.

சேலம் சித்தப்பா: அக்கா, போய்வா. நான் வியாழக்கிழமை மருந்து வைத்துக்கொள்கிறேன்.

நித்யா: மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லி, இரண்டு சார்ட்டையும் எனக்கு அனுப்புங்கள் சித்தப்பா. அத்தை, நாளைக்குக் காலையில் கூப்பிடுகிறேன்.