ஹாஃப்-லைஃப் டெமோவில் பார்த்த டிஷ் ஆண்டெனா முழு கேமில் எங்கே?

திருச்சி_பாலா:

வணக்கம். ரொம்ப வருஷமாக மனசில் கிடக்கும் சந்தேகம் இது. இங்கே பழைய கேம் ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

2000 கோடை லீவு. நான் எட்டாவது முடித்திருந்தேன். சித்தப்பா வீட்டு கம்ப்யூட்டரில், பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியில் 'ஹாஃப்-லைஃப்' என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் டெமோ, அதாவது மாதிரித் துண்டு, 'ஹாஃப்-லைஃப் அப்லிங்க்' இருந்தது. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த லீவு முழுக்க அதையேதான் ஆடினேன். எந்தக் கதவைத் திறந்தால் எது பாயும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். டிஷ் ஆண்டெனாவைச் சரிசெய்து லாம்டா பிரிவுக்குச் செய்தி அனுப்ப வேண்டும், அதுதான் வேலை. கடைசியில் கார்கன்சுவா என்ற ராட்சத ஜந்து வந்து நிற்கும். அவ்வளவுதான், திரை இருண்டுவிடும். அதற்குப் பிறகு என்ன ஆச்சு என்று நினைத்து நினைத்தே ஸ்கூல் திறந்துவிட்டது.

முழு கேம் கைக்கு வந்தது 2005-ல், காலேஜ் ஹாஸ்டலில். ரூம்மேட் தன் கம்ப்யூட்டரிலிருந்து ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிக் கொடுத்தான். ஆண்டெனா எப்போது வரும், எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே ஆடினேன். ராக்கெட் ஏவும் இடம் வந்தது. கார்கன்சுவாவும் வந்தது, ஆனால் வேறு இடத்தில். கடைசி வரை அந்த ஆண்டெனா வரவே இல்லை.

எனக்கு வந்த காப்பியில் ஏதோ வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். காரணம் இருக்கிறது: பக்கத்து ரூம் பையனின் கேமில் சில இடங்களில் பின்னணி இசை வரும். என்னுடையதில் ஒரு இடத்தில்கூட வராது. அந்த ஆண்டெனா முழு கேமில் எந்த இடம்? யாராவது பார்த்திருக்கிறீர்களா?

நெல்லை_கேமர்:

ரிப் காப்பியாகத்தான் இருக்கும் ப்ரோ. அந்தக் காலத்தில் ஒரே சிடியில் நாலு கேம் அடைக்க வீடியோ, பாட்டு எல்லாவற்றையும் தூக்கிவிடுவார்கள். லெவலையும் தூக்கியிருப்பார்கள்.

லெவல்_வேலு:

பாலா தம்பி, உங்கள் காப்பியில் ஒரு லெவல்கூடக் குறைந்திருக்காது. அந்த ஆண்டெனா முழு கேமில் கிடையவே கிடையாது, யாருடைய சிடியிலும். இசை மட்டும் உண்மையிலேயே விடுபட்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு கதை, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதை வைத்து இவ்வளவு உறுதியாகப் பேசுகிறான் என்று தோன்றும். ஹாஃப்-லைஃப் ஒரிஜினல் சிடியிலேயே வேர்ல்ட்கிராஃப்ட் என்ற மேப் எடிட்டர், அதாவது நாமே லெவல் கட்டும் மென்பொருள், வந்தது. பிற்பாடு ஹாமர் என்று பெயர் மாறியது. 2001-லிருந்து அதில் மேப் போட்டுப் பழகியவன் நான். நான் முழுசாக முடித்த முதல் மேப் எங்கள் வீட்டு மொட்டை மாடி: தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடி, மூலையில் ஒரு டிஷ். ஏன் டிஷ் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். உங்களைப் போலவே நானும் அப்லிங்கில்தான் ஆரம்பித்தேன்.

அந்த கேமின் லெவல் ஃபைல்களுக்கு ஒரு பெயர்வரிசை உண்டு. தொடக்கத்தில் ரயிலில் போவீர்களே, அது சி0ஏ0. கார்கன்சுவா முதலில் வரும் 'பவர் அப்' அத்தியாயம் சி2ஏ1 வரிசை. ராக்கெட் ஏவும் 'ஆன் எ ரெயில்' சி2ஏ2 வரிசை. ஜென் என்ற வேற்று உலகம் சி4-ல் தொடங்கும். உங்களிடம் அந்தப் பழைய ஃபோல்டர் இன்னும் இருந்தால், கேமின் கன்சோலில் (கட்டளை தட்டும் திரையில்) 'மேப்ஸ்' என்று தட்டி, ஒரு இடம் விட்டு நட்சத்திரக் குறி போடுங்கள். மொத்தப் பட்டியலும் வந்துவிடும். அப்லிங்கின் லெவல்களுக்கு எச்எல்டெமோ1, 2, 3 என்று தனிப் பெயர். முழு கேமின் வரிசைக்குள் அவை எங்கேயும் வராது. நடுவிலிருந்து ஒரு லெவலைப் பிடுங்கியிருந்தால், அங்கே போனதும் கேம் அடுத்த மேப் இல்லாமல் நின்றிருக்கும். நீங்கள் கடைசி வரை போய்விட்டீர்கள். அதுவே சாட்சி.

இனி தேதியைப் பாருங்கள். முழு கேம் வந்தது 1998 நவம்பர். அப்லிங்க் வந்தது 1999 பிப்ரவரி. அதாவது டெமோ பிறகு வந்திருக்கிறது. நாம் டெமோவை முதலில் ஆடியதால், கேமும் அதற்குப் பிறகுதான் வந்தது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. கேமை வாங்காதவர்களுக்கு ருசி காட்ட, ஆனால் கதையில் எதையும் போட்டு உடைக்காமல், தனியாகக் கொடுத்த துண்டு அது. வாங்கியவர்களுக்கும் அது புதுசு. எனக்கு இது ரொம்பப் பெரிய மரியாதையாகத் தெரிகிறது. படத்தின் நல்ல காட்சிகளை எல்லாம் டிரெய்லரிலேயே காட்டிவிடுவது போல அவர்கள் செய்யவில்லை.

அதற்கு முன்னால் 'டே ஒன்' என்று இன்னொரு டெமோவும் இருந்தது. 1998-லேயே கிராபிக்ஸ் கார்டு மாதிரியான பொருட்களோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அது முழு கேமின் முதல் ஐந்தில் ஒரு பங்கு, ராணுவம் உள்ளே வரும் பகுதி வரை. அதை ஆடியவர்களுக்கு உங்கள் சந்தேகம் வந்திருக்காது. ஒரே கேமுக்கு இரண்டு டெமோ, இரண்டும் இரண்டு விதம்.

ஆனால் "எதையோ வெட்டியிருக்கிறார்கள்" என்று உங்களுக்குத் தோன்றியதே, அது வேறொரு வகையில் நூற்றுக்கு நூறு உண்மை. வெட்டியது சிடி காப்பி பண்ணியவன் இல்லை, கேமை உருவாக்கிய வால்வ் கம்பெனிக்காரர்களே. அதுவும் ஒரு லெவல் இரண்டு லெவல் இல்லை.

ஹாஃப்-லைஃப் முதலில் 1997 நவம்பரில் வருவதாக இருந்தது. அந்த வருஷம் இ3 என்ற கேம் கண்காட்சியில் காட்டி நல்ல பெயரும் வாங்கிவிட்டார்கள். செப்டம்பர் கடைசியில் உட்கார்ந்து பார்த்தால், வேலை மலையாகக் குவிந்திருக்கிறது, கேம் மட்டும் சுவாரஸ்யமாக இல்லை. அங்கே வேலை பார்த்த கென் பேர்ட்வெல் 1999-ல் எழுதிய கட்டுரையில் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். வெளியிடும் தேதியைத் தள்ளிவைத்தார்கள். ஒரு சின்னக் குழு, கையில் இருந்த நல்ல யோசனைகள், வேலை செய்யும் தந்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே ஒரு லெவலில் போட்டுப் பார்த்தது. அந்த ஒரு லெவல் பிரமாதமாக இருந்தது. அவ்வளவுதான், மற்ற எல்லா லெவலையும் அந்தத் தரத்துக்குத் திரும்பக் கட்டினார்கள். அதற்காக 'கபால்' என்று ஒரு குழு போட்டு, வாரத்தில் நாலு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்று ஐந்து மாதம் உட்கார்ந்து பேசினார்கள். வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவிட்டு, பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஒரு இரண்டு மணி நேர அமர்வுக்குத் திருத்தவேண்டியவை நூறு வரை வருமாம். அப்படி 200-க்கும் மேற்பட்ட அமர்வுகள்.

அந்த 1997 செப்டம்பர் பதிப்பு 2013-ல் இணையத்தில் கசிந்தது. நான் இறக்கி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மாதிரி மேப்களில் நடக்கும்போது, தளம் போட்டு சுவர் எழுப்பி ஆள் குடியேறாத வீட்டுக்குள் நடப்பது போலத்தான் எனக்கு இருந்தது. கடைசியில் தூக்கிப்போட்ட ஜந்துக்களும் உண்டு. 'பாந்தர் ஐ' என்று சிறுத்தை மாதிரி ஒன்று இருக்கிறது. கேமின் நாயகன் கார்டன் ஃப்ரீமேனோ, ஆரம்பகாலத்தில் பெரிய தாடியோடு பீமன் மாதிரி இருப்பார். அவருக்கு 'விண்வெளி பைக்கர் ஐவன்' என்று ஆபீசுக்குள் பட்டப்பெயர். கண்ணாடி போட்ட ஒல்லி விஞ்ஞானி பிறகுதான் வந்தார்.

இந்தத் திருத்தமெல்லாம் என்ன செய்தது என்று ஒரே ஒரு இடத்தை வைத்துக் காட்டுகிறேன். 'பிளாஸ்ட் பிட்' அத்தியாயம் ஞாபகம் இருக்கிறதா? ராக்கெட் சோதனைக் குழிக்குள் ஒரு ஜந்தின் மூன்று பச்சைக் கைகள், நுனியில் அலகு. நீங்கள் உள்ளே போனதுமே அது உங்களைக் கொத்துவதில்லை. முதலில் உங்கள் கண்ணெதிரே ஒரு விஞ்ஞானியைக் கண்ணாடி வழியாக இழுத்துக்கொண்டு போகும். சத்தம் போட்டால் அதற்குக் கேட்கும் என்று காவலாளி எச்சரிப்பார். பிறகுதான் உங்களை இறக்கிவிடுவார்கள். கையெறிகுண்டை ஒரு பக்கம் வீசினால் கை மூன்றும் அந்தப் பக்கம் போகும், நீங்கள் இந்தப் பக்கம் நைசாக நடக்கலாம். ஓடினால் செத்தீர்கள். செத்தாலும் கேம் மேல் கோபம் வராது, "ஓடியிருக்கக் கூடாது" என்று நம்மையேதான் சொல்லிக்கொள்வோம். ஆட்டக்காரர் தோற்றால் தன் தவறு என்று அவருக்கே தெரிய வேண்டும் என்பது அந்தக் குழு வகுத்துக்கொண்ட விதிகளில் ஒன்று. மேப் போடுகிற எனக்கு அந்தக் குழி ஒரு பாடசாலை. எத்தனை தடவை எடிட்டரில் அதே மாதிரி கட்டிப் பார்த்திருக்கிறேன், அந்த எச்சரிக்கை வருகிற நேரம் எனக்கு ஒருமுறைகூடச் சரியாக அமையவில்லை.

உங்கள் கார்கன்சுவாவுக்கும் இதே கணக்குதான். அப்லிங்கில் அது முடிவு, பயத்தோடு நிறுத்திவிடுவார்கள். முழு கேமில் தோட்டா ஏறாது, தப்பித்து ஓடி, ஜெனரேட்டரைப் போட்டு, மின்சாரத்தில் மாட்டவைத்துச் சாகடிக்க வேண்டும். "அதற்குப் பிறகு என்ன ஆச்சு" என்று லீவு முழுக்க யோசித்தீர்களே, ஒரு வகையில் 'பவர் அப்' அதற்குப் பதில்.

கடைசியாக இசை. ஒரிஜினல் சிடியில் கெல்லி பெய்லியின் இசை, கேம் ஃபோல்டருக்குள் இருக்காது. அதே சிடியில் பாட்டு சிடி மாதிரி ஆடியோ டிராக்குகளாகத் தனியாக இருக்கும். கேம் ஓடும்போது டிரைவில் சிடி இருந்தால்தான் வாசிக்கும். ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணினால் லெவல் எல்லாம் வரும், இசை வராது. பக்கத்து ரூம் பையனிடம் சிடி இருந்திருக்கும்.

சந்திரா_கோவை:

வேலு அண்ணா, அருமையான விளக்கம். ஆனால் டெமோ விஷயத்தில் அவர்களை அப்படியே தூக்கிவைக்க எனக்கு மனசு வரவில்லை. ஹாஃப்-லைஃப் 2-ஐ நான் 2003 இ3 வீடியோக்களில் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தவள். செப்டம்பர் 30 வரும் என்றார்கள். வரவில்லை. சோர்ஸ் கோட் திருடுபோனது, கேம் 2004 நவம்பர் 16-ல்தான் வந்தது. அதுகூடப் பரவாயில்லை. வீடியோவில் 'ஹைட்ரா' என்று கண்ணாடி மாதிரி நீலமாக மினுங்கும் ஒரு ஜந்து வரும். அதைத்தான் நான் ஒரு வருஷமாக எதிர்பார்த்தேன். கேமில் அது இல்லவே இல்லை. ஊருக்குள் பொறிகளை வைத்துப் படைவீரர்களோடு மோதும் காட்சியும் அந்த உருவத்தில் இல்லை. ரேவன்ஹோம் ஊருக்குள் போனால் ஜோம்பிகள்தான். காட்டியதைக் கொடுக்காதது ஏமாற்றுதானே?

லெவல்_வேலு:

உங்கள் வருத்தம் நியாயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விற்கும் முன் காட்டுவது வாக்குக் கொடுப்பது மாதிரி. அப்லிங்க் விற்ற பிறகு கொடுத்தது. இரண்டையும் டெமோ என்றே அழைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

ஆனால் ஹைட்ராவை ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது. தூரத்தில் நின்று அது வேறொருவரைத் தாக்குவதைப் பார்க்கும்போது அட்டகாசம். அதுவே நம்மைத் தாக்கும்போது, முதல் நபர் பார்வையில் என்ன நடக்கிறது என்றே புரியாமல் எரிச்சல்தான் வந்தது, அதனால் எடுத்துவிட்டார்கள். வீடியோ பார்க்கிறவருக்கும் மவுஸைப் பிடித்திருக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் அது. நானே ஸ்கிரீன்ஷாட்டுக்கு அழகாக இருக்கிறது என்று ஒரு நீண்ட படிக்கட்டு கட்டி, ஆடிய நாலு பேரும் அதில் அலுத்துப்போனதைப் பார்த்து, ஒரு மாத உழைப்பை அழித்திருக்கிறேன். அழிக்கும்போது வலிக்கத்தான் செய்யும்.

சந்திரா_கோவை:

சரி அண்ணா. ஆனால் எடுத்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

லெவல்_வேலு:

அதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன்.

பாலா தம்பி, ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. 2023 நவம்பரில், இருபத்தைந்தாம் வருஷத்தை ஒட்டி ஹாஃப்-லைஃபுக்கு ஒரு அப்டேட் விட்டார்கள். அதில் அப்லிங்கையும் கேமோடு சேர்த்துவிட்டார்கள். பழைய சிடியைத் தேட வேண்டாம்.

திருச்சி_பாலா:

வேலு அண்ணா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரியே இறக்கிவிட்டேன்.

முழு கேமை முதலில் கொஞ்சம் போட்டேன், இசைக்காகவே. இத்தனை வருஷம் கழித்து அந்த இடங்களில் இசை வருவதைக் கேட்டது என்னவோ செய்தது. பிறகு அப்லிங்க். கை தானாகப் போகிறது. எந்தக் கதவு, எந்தப் பக்கம் குனிய வேண்டும், ஒன்றும் மறக்கவில்லை. என் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவனுக்கு இப்போது நான் அப்போது இருந்த வயசு. ஆண்டெனாவைத் திருப்பியதும், "அப்பா, செய்தி போயிடுச்சா?" என்று கேட்டான். போயிடுச்சு என்றேன். கார்கன்சுவா வந்தது, திரை இருண்டது.

"அப்புறம்?" என்றான்.

'பவர் அப்' வரைக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனே ஆடிப் போகட்டும் என்று ரயில் காட்சியிலிருந்து தொடங்கிக் கொடுத்திருக்கிறேன்.