சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறது, சோக் இழுத்தால் ஓடுகிறது: அவசர உதவி

அடையாறுக்காரன்
ஞாயிறு அன்று அம்மாவைக் காஞ்சிபுரம் அழைத்துப் போகவேண்டும். மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றதும் கார் குலுங்கி ஆஃப் ஆகிவிடுகிறது. நேற்று மட்டும் நாலு தடவை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், கை நடுங்குகிறது. மெக்கானிக் கார்புரேட்டரில் பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்பினார், மூன்றே நாளில் பழையபடி. என்ன செய்வது?

தாம்பரம் 118
என்ன வண்டி சார், எந்த வருடம்? குளிர்ந்த இன்ஜினிலா, சூடான பிறகா?

பெரம்பூர் செல்வம்
எல்லாம் இந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான். என் பத்மினி காரும் இப்படித்தான் படுத்தியது.

பழையவண்டி
தம்பி, விவரம் கொடுக்காமல் வைத்தியம் கேட்கக்கூடாது. இங்கே எத்தனை தடவை எழுதிவிட்டேன்! வண்டி நின்றபடி ஓடும்போது (ஐட்லிங்) பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. கார்புரேட்டரை இறக்கிக் கழுவுங்கள், முடிந்தது.

தாம்பரம் 118
இறக்குவதற்கு முன் ஒரு பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள் சார்.

அடையாறுக்காரன்
மன்னிக்கவும். மாருதி 800, 1997. சூடான பிறகுதான். பிளக் நுனி சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை. ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் ஆஃப் ஆவதில்லை. கார்புரேட்டரைப் போன மாதம்தான் கழுவினார்கள்.

தாம்பரம் 118
பிளக் வெள்ளை என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம். அப்படியானால் எங்கேயோ ஏர் இழுக்கிறது. சோக் காற்றை அடைக்கிறது, அதனால்தான் அதை இழுத்தால் சரியாகிறது. ஐட்லிங்கில் காற்றுக் கதவான த்ராட்டில் மூடியிருக்கும், அதைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் குழாயான மானிஃபோல்டில் உறிஞ்சல் அதிகம். சின்ன ஓட்டைகூட அப்போது பெரிதாகத் தெரியும். மிதித்தால் உள்ளே வரும் காற்றே நிறைய, ஓட்டை கணக்கில் வராது. இன்ஜின் சூடாகி ஓடும்போது மானிஃபோல்டிலிருந்து போகும் ரப்பர் குழாய்களை (வாக்குவம் ஹோஸ்) ஒவ்வொன்றாக மூக்குக் குறட்டால் மெல்ல நெரியுங்கள். எதை நெரித்ததும் இன்ஜின் நிதானமாகிறதோ அதுதான். ஃபேன் பெல்ட் பக்கம் கை போகவேண்டாம். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்காதீர்கள், சூட்டில் தீப்பிடிக்கும்.

பெரம்பூர் செல்வம்
எத்தனாலை ஏன் யாரும் ஏற்க மாட்டேன் என்கிறீர்கள்? ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். ஜெட் அளவு பழசு. காற்று கூடி, பெட்ரோல் குறைந்து லீன் ஆகாதா?

பழையவண்டி
ஆகும். கொஞ்சம் லீன் ஆகும். ஒரே வாரத்தில் சிக்னலில் ஆஃப் ஆகாது. கணக்குப் படித்தவர்கள் ஸ்பேனர் பிடித்தும் பார்க்கவேண்டும்.

பெரம்பூர் செல்வம்
ஸ்பேனர் பிடித்துத்தான் சொல்கிறேன் ஐயா. ரப்பரை யார் பார்ப்பது? 1997-இல் செய்த ஹோஸ் இந்தப் பெட்ரோலுக்கென்று செய்ததில்லை.

பழையவண்டி
அது பெட்ரோல் ஹோஸுக்குப் பொருந்தும். வாக்குவம் ஹோஸ் கெடுவது இன்ஜின் சூட்டில், வயதில்.

சூளைமேடு ராணி
நீங்கள் இருவரும் பிறகு பேசுங்கள், அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது. ஹோஸ் மாற்றுவதானால் ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் புதிதாக வாங்குங்கள் அண்ணா. பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், பழைய ரப்பர் மட்டும் வேண்டாம்.

அடையாறுக்காரன்
கிடைத்துவிட்டது. மானிஃபோல்டிலிருந்து கிளம்பும் சுண்டுவிரல் தடிமன் ஹோஸ். மேலிருந்து பார்த்தால் முழுசாக இருக்கிறது. வளைவில் அடிப்பக்கம் நெடுக வெடிப்பு. விரலை வைத்தேன், இழுத்துப் பிடித்துக்கொண்டது. புதிது மாட்டி, திருவான்மியூர் வரை போய்வந்தேன். ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை. தாம்பரம் சாருக்கு மிக்க நன்றி.

தாம்பரம் 118
மகிழ்ச்சி சார். மெக்கானிக் திருப்பிய ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தீர்களா? அப்படியே விட்டால் இனி பெட்ரோல் கூடி ரிச் ஆகிப் பிளக் கறுத்துவிடும்.

தாம்பரம் 118
சார்? காஞ்சிபுரம் கிளம்பும் முன் அதை மட்டும் பார்த்துவிடுங்கள்.