12 வயசு ஃபுட்டி: எல்லாரையும் எல்லா இடத்துலயும் சுத்த விடணுமா?

கிழக்குப்பக்கம்
மெல்பர்ன்ல 12 வயசுக்குட்பட்ட ஒரு ஃபுட்டி (ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்) டீம்னு வச்சுக்குங்க. பட்டியல்ல 20 பேர், களத்துல 15 பேர், பதினஞ்சு நிமிஷமா நாலு குவார்ட்டர். (குவார்ட்டர்னதும் சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க.) நல்லா ஓடி நல்லா உதைக்கிற அஞ்சு பேரை கோச் நாலு குவார்ட்டரும் நடுக்களத்துல வைக்கிறார். மிச்சம் பத்து இடத்துல மத்த 15 பேர் மாறி மாறி ஆடறாங்க. டீம் ஜெயிக்குது. ஆனா பேக் பாக்கெட்ல, அதாவது நம்ம கோலுக்குப் பக்கத்து மூலையில, நிக்கிற பையன் ஒரு ஆட்டத்துல ரெண்டு தடவை பந்தைத் தொட்டா பெரிய விஷயம், மிச்ச நேரம் புல்லைப் பிடுங்கிட்டு நிக்கிறான். இது தந்திரமா, சோம்பேறித்தனமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாலுதூண்
முதல்ல கணக்கு. 15 இடம், நாலு குவார்ட்டர், மொத்தம் 60. அதை 20 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு மூணு குவார்ட்டர், 45 நிமிஷம். மிச்சமே விழாது. அந்த கோச் கணக்குல அஞ்சு பேருக்கு 60 நிமிஷம், மத்தவங்களுக்கு 40. அஞ்சு நிமிஷம்தானே குறையுதுன்னு தோணும், அங்கதான் ஏமாந்துபோறோம். பேக் பாக்கெட்ல நாப்பது நிமிஷமும் நடுக்களத்துல நாப்பது நிமிஷமும் ஒன்னு இல்ல.

செய்ய வேண்டியது சுலபம். அஞ்சஞ்சு பேரா நாலு குழு. குவார்ட்டரைப் பாதியாக்கினா ஏழரை நிமிஷத் துண்டு எட்டு கிடைக்கும். ஒரு குழு பெஞ்ச், ஒன்னு நடு, ஒன்னு முன்களம், ஒன்னு பின்களம். துண்டுக்குத் துண்டு ஒரு படி நகர்ந்தா, ஆட்டம் முடியறப்ப எல்லாரும் எல்லா இடத்துலயும் ரெண்டு ரெண்டு துண்டு ஆடியிருப்பாங்க. நடுக்களம்னா ஒரு ரக் (நடுவர் போடற பந்தை எழும்பித் தட்டி விடற ஆள்), பந்தடியில ரெண்டு பேர், ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு விங்.

குழு பிரிக்கிறதுலதான் சூட்சுமம் இருக்கு. ஒவ்வொரு குழுவிலயும் உயரமான பிள்ளை ஒன்னு, பந்தைத் தேடிப் போய் எடுக்கிறது ஒன்னு, ஓட்டக்காரன் ஒருத்தன், இன்னும் பழகிட்டு இருக்கிறவங்க ரெண்டு பேர். நண்பர்களா பாத்து குழு போட்டீங்கன்னா ஒரு குழு புலி, இன்னொன்னு பூனை ஆயிடும்.

பழைய_ரோவர்
தம்பி தூண், தாளிலை வடிவாத்தான் இருக்கு. களத்திலை ஏலாது.

ஏழரை நிமிசம் ஆச்சு எண்டு ஆட்டம் நிக்கப் போறதில்லை. பந்து ஓடிக்கொண்டிருக்கேக்கை முன்னுக்கு நிக்கிறவை பின்னுக்கு, பின்னுக்கு நிக்கிறவை வெளியிலை, வெளியிலை இருக்கிறவை நடுவுக்கு எண்டு இருபது பிள்ளையளும் ஒரேயடியா நடந்து திரிவினம். அந்த நேரத்திலை ஆர் ஆரைப் பிடிக்கிறது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு கோல் விழும், பன்னிரண்டு புள்ளி போச்சு.

அடுத்தது, ஒரு இடத்தைப் படிக்க நேரம் வேணும். ஃபுல் பேக்கிலை, எங்கடை கோலுக்கு நேர முன்னாலை, நிக்கிற பிள்ளை எதிராளிக்கும் கோலுக்கும் நடுவிலை, அவனைத் தொடுற தூரத்திலை நிக்கப் பழக வேணும். அவனைப் பிடிச்சு இழுத்தா ஃப்ரீ கிக். உயர வாற பந்தைப் பிடிக்க ஏலாது எண்டு தெரிஞ்சா முட்டிக் கையாலை எல்லைப் பக்கம் குத்த வேணும், நடுப் பக்கம் இல்லை. இதெல்லாம் ஏழு நிமிசத்திலை வராது. மூண்டு நாலு கிழமை அதே இடத்திலை நிண்டாத்தான் உடம்புக்குப் பிடிபடும்.

கடைசியா ஒண்டு. உங்கடை பலமில்லாத நடுக்களம் எதிரணியின்ரை நல்ல நடுக்களத்தோடை மாட்டினா, அந்தத் துண்டு முழுக்கப் பந்து உங்கடை பின்களத்திலைதான் கிடக்கும். முன்னுக்கு நிக்கிற அஞ்சு பிள்ளையளுக்குப் பந்தே வராது. எல்லாருக்கும் பங்கு குடுக்கிறன் எண்டு அஞ்சு பேரின்ரை பங்கைப் பறிச்சுப் போடுவீங்கள்.

மழைச்சனி
ரோவர் அண்ணா சொன்ன கடைசி விஷயத்துக்கு இங்க யாரும் சுலபமா பதில் சொல்லிட முடியாது. ஆனா ரெண்டு பேருமே எந்த இடத்துல நிக்கிறாங்கன்னு மட்டும் பாக்கறீங்க. எத்தனை தடவை ஆட்டத்துக்குள்ள வர்றாங்கன்னு எண்ணிப் பாத்தாதானே தெரியும்?

எல்லைக்கோட்டுல நிக்கிற ஒரு அப்பாவோ அம்மாவோ போதும். ஒரு அட்டை, ஒரு பென்சில். இருபது பேர், எதிர்ல நாலு கட்டம்: உதை, ஹேண்ட்பால் (கையால குத்திக் கொடுக்கிறது), மார்க் (உதைச்ச பந்தைத் தரையில படாம பிடிக்கிறது), டேக்கிள் (பந்து வச்சிருக்கிறவனை மடக்கிப் பிடிக்கிறது). அஞ்சாவதா ஒரு கட்டம் கட்டாயம் வேணும், அதுல துரத்தினது, குத்தித் தள்ளினது, கூட்டாளிக்காக எதிராளியை மறிச்சது எல்லாத்துக்கும் ஒரு கோடு. இந்தக் கட்டம் இல்லன்னா பந்து கிடைக்காத பிள்ளை செஞ்ச வேலை எதுவுமே பதிவாகாது. மூணு ஆட்டம் எண்ணினா போதும், யார் பேருக்கு நேரா வெறுமையா இருக்குன்னு தெரிஞ்சிடும். பெரும்பாலும் கோச் நினைச்ச ஆளா இருக்காது.

அடுத்து பயிற்சி. இருபது பேரை ரெண்டு வரிசையா நிறுத்தி ஒருத்தர் உதைக்க ஒருத்தர் பிடிக்கன்னு ஓட்டினா, ஒரு பந்துக்கு இருபது பேர் காத்து நிப்பாங்க. அதே நேரத்துல கூம்பு வச்சு 30 மீட்டருக்கு 20 மீட்டர்ல ரெண்டு கட்டம் போட்டு அஞ்சுக்கு அஞ்சு ஆட விடுங்க. ஹேண்ட்பால் மட்டும்தான், பந்தோட நாலு எட்டுக்கு மேல ஓடக்கூடாது, தரையில விழுந்தா யார் வேணா எடுக்கலாம். பத்து நிமிஷம் போனதும் ஆட்டத்தை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “வெற்றிடம் எங்க இருந்துச்சு?” பதிலை நீங்க சொல்லிடாதீங்க. ஆட வச்சு யோசிக்க வைக்கிற இந்த முறையை 1982ல இங்கிலாந்துல பங்கர், தார்ப்னு ரெண்டு பேர் எழுதி வச்சாங்க. 1990கள்ல ஆஸ்திரேலியாவுக்கு வந்து ‘கேம் சென்ஸ்’னு பேர் வாங்கிச்சு. புதுசா ஒன்னும் இல்ல.

ஒரு எச்சரிக்கை: ஹேண்ட்பால் ஆட்டத்துல பிள்ளைங்க பந்தை எறிவாங்க. ஒரு கை பந்தைத் தாங்கணும், இன்னொரு கை முஷ்டியால அடிக்கணும், கட்டைவிரல் முஷ்டிக்கு வெளியில இருக்கணும். உள்ள மடக்கி அடிச்சா விரல் வலிக்கும், அந்த வலிக்குப் பயந்துதான் எறியவே ஆரம்பிக்கிறாங்க. அதை முதல் நாளே திருத்திடுங்க.

நாலுதூண்
ரோவர் அண்ணா, நடு ஆட்டத்துல இருபது பேரை நகர்த்த முடியாதுங்கிறது சரி. ஒத்துக்கறேன். அட்டவணையை மாத்தியாச்சு, பாருங்க. நாலு குழுவுக்கும் அ, ஆ, இ, ஈ.

முதல் குவார்ட்டர்: அ, ஆ ரெண்டும் நடுக்களத்தையும் பெஞ்சையும் பங்கு போட்டுக்கும். அ ஆரம்பிக்கும், பாதியில ஆ உள்ள வரும். இ முன்களம், ஈ பின்களம், பதினஞ்சு நிமிஷமும் அசைய வேண்டாம்.
ரெண்டாவது: இ, ஈ நடுக்களம்-பெஞ்ச். அ முன்களம், ஆ பின்களம்.
மூணாவது: மறுபடி அ, ஆ நடுவுல. இந்தத் தடவை இ பின்களம், ஈ முன்களம்.
நாலாவது: இ, ஈ நடுவுல. அ பின்களம், ஆ முன்களம்.

கூட்டிப் பாருங்க, ஒவ்வொரு குழுவுக்கும் நடுக்களம் 15, முன்களம் 15, பின்களம் 15, பெஞ்ச் 15 நிமிஷம். குவார்ட்டர் நடுவுல மாறுறது அஞ்சே பேர், அதுவும் அதிகமா ஓடிக் களைச்ச அஞ்சு பேர். கோல் விழுந்து பந்து நடுவட்டத்துக்குத் திரும்பற நேரத்துல மாத்துங்க. கோலே விழலன்னா விங்ல இருக்கிற ரெண்டு பேரை முதல்ல, ரக்கைக் கடைசியா. பெஞ்ச்ல ஒரேயடியா ஏழரை நிமிஷத்துக்கு மேல யாரும் உக்கார மாட்டாங்க. ஜூலை மாசக் குளிர்ல அது சின்ன விஷயம் இல்ல.

பழைய_ரோவர்
இது பரவாயில்லை. பின்களத்திலை பதினஞ்சு நிமிசம் ஒரேயடியா நிக்கினம், ஏதாவது படிப்பினம். ஆனா ரக் பற்றி இன்னும் கதைக்கேல்லை. எல்லாக் குழுவிலையும் உயரமான பிள்ளை இருக்காது. பாய்ஞ்சு எழும்பேக்கை முழங்கால் எங்கை போகுது எண்டு பழகாத பிள்ளையை ரக்கிலை விட்டா அடிபடும். ரக்குக்கு நாலு பேரைத் தெரிஞ்செடுத்து, அவையை மட்டும் பழக்குங்கோ. மற்ற இடமெல்லாம் உங்கடை விருப்பம்.

நாலுதூண்
ரக் விஷயத்துல மறுபேச்சு இல்ல. நாலு பேர், குழுவுக்கு ஒருத்தர்.

குளிர்விசில்
இதெல்லாம் சரி. ஜெயிச்சுட்டு இருக்கிறப்ப கடைசி குவார்ட்டர்ல எல்லாரையும் பின்னால இறக்கி வழியை அடைக்கிறது தப்பா? பெரியவங்க ஆடற தேசிய லீக், ஏஎஃப்எல்லயே செய்யறாங்களே. 2000ல முதல் இருபது ஆட்டத்துலயும் தோக்காத எசெண்டன் டீமை வெஸ்டர்ன் புல்டாக்ஸ் டீம் இப்படித்தானே மடக்கினாங்க. புல்டாக்ஸ் கோச் டெர்ரி வாலஸ் செஞ்சா தந்திரம், சின்னப் பசங்க கோச் செஞ்சா பாவமா?

மழைச்சனி
இந்த ஆட்டத்துல ஆஃப்சைடு விதி கிடையாது. அதனால முப்பது பேரும் ஒரே மூலைக்குப் போகலாம், தடுக்க ஆளில்ல. ஏஎஃப்எல்லே அந்த நெரிசலைக் குறைக்கத்தான் 2019ல 6-6-6 கொண்டு வந்துச்சு, நடுவட்டத்துல ஆட்டம் தொடங்கறப்ப பின்களத்துல ஆறு, நடுவுல ஆறு, முன்களத்துல ஆறு பேர் நிக்கணும்னு. தொடங்கினதும் யார் எங்க வேணா ஓடலாம், அது வேற கதை.

வாலஸ்கிட்ட இருந்தது பெரியவங்க கால். பந்தைப் பிடுங்கினதும் அம்பது மீட்டர் உதைச்சு வெளிய கொண்டு போக ஆள் இருந்தாங்க. பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஈரப் பந்தை உதைச்சா இருபத்தஞ்சு மீட்டர் போகும். முன்னால நம்ம ஆளே இல்லாத இடத்துல விழும், எதிரணி எடுத்துத் திரும்ப உள்ள போடும். நம்ம பிள்ளைங்க பந்தைப் பிடுங்கறாங்க, உதைக்கிறாங்க, மறுபடி பிடுங்கறாங்க. ஜெயிக்கலாம். முன்களக் குழுவுக்கு அந்தக் குவார்ட்டர்ல அட்டையில ஒரு கோடுகூட விழாது. அடைச்சே ஆகணும்னா பாதி வழி ஒன்னு இருக்கு, நடுவட்டத்துக்கு முன்னால எப்பவும் ரெண்டு பேர், என்ன ஆனாலும் திரும்பி வரக்கூடாது. வெளிய உதைக்கிற பிள்ளைக்கும் குறி வைக்க ஒரு ஆள் இருக்கும்.

பழைய_ரோவர்
இந்த ஒரு விசயத்திலை பிள்ளை சொல்லுறதுதான் சரி. எல்லாரும் பின்னுக்கு வந்தா சின்னப் பிள்ளையள் தங்கடை கலையைப் படிக்கவே ஏலாது. மூண்டு பேர் பந்துக்கு எழும்பினா, சின்னவன் அந்தக் கும்பலுக்குள்ளை போகக் கூடாது. கும்பல் எந்தப் பக்கம் முகம் பார்த்து நிக்குதோ அந்தப் பக்கம், நேருக்கு நேரா, மூண்டு நாலு மீட்டர் தள்ளி நிக்க வேணும். பின்னாலையிருந்து குத்துற கை பந்தை முன்னுக்குத்தான் விழுத்தும். அங்கை நிக்கிறவனுக்கு ஓடிக்கொண்டே எடுக்கலாம். இருபத்தொன்பது பேர் குவிஞ்ச இடத்திலை அந்த மூண்டு மீட்டர் எங்கையிருந்து வாறது?

கிழக்குப்பக்கம்
எதிரணி பிஹைண்ட் (கோலைத் தவறிப் பக்கத்துக் கம்பத்துக்குள்ள போனா கிடைக்கிற ஒரு புள்ளி) அடிச்சப்புறம் கோலுக்கு முன்னால இருக்கிற சதுரத்துலேர்ந்து பந்தை வெளிய உதைக்கிறது யார்? இப்ப எப்பவும் ஒரே பையன்தான், பலமா உதைக்கிறவன்.

நாலுதூண்
பலமா உதைக்கிறவன் முப்பது மீட்டர் உதைப்பான்னு எதிரணிக்கும் தெரியும், ஒரே தூரத்துல வரிசையா நிப்பாங்க. நேரா கோலுக்கு முன்னால போய் விழும், அடுத்த நொடி ஆறு புள்ளி. குட்டையா உதைங்க. சதுரத்துலேர்ந்து பதினஞ்சு மீட்டர்ல ரெண்டு பாக்கெட்டுக்கும் ஒவ்வொரு பிள்ளை. நடுவுல ஒருத்தன் கையைத் தூக்கிக் கத்திக்கிட்டே ஓடட்டும், அவனுக்கு உதைக்கவே வேண்டாம். உதைக்கிறவன் எந்தப் பாக்கெட்ல எதிராளி இல்லையோ அங்க போடணும், அங்கேர்ந்து எல்லைக்கோட்டை ஒட்டியே அடுத்த உதை. கோலுக்குக் குறுக்கே மட்டும் கூடாது. அப்புறம், பின்களக் குழுவோட அஞ்சு பேரும் முறை வச்சு உதைக்கட்டும். பதினஞ்சு மீட்டருக்குப் பலம் தேவையில்ல, பந்தை இடுப்பு உயரத்துல நேரா விட்டா போதும்.

பழைய_ரோவர்
அஞ்சு பேருமோ? முதலாவது உதையே பிழைச்சா அந்தப் பிள்ளை அண்டைக்கு முழுக்கப் பந்தைப் பார்த்தாலே பயப்படும். மூண்டு பேர் பழகி வரட்டும், மற்ற ரெண்டு பேருக்கும் பயிற்சியிலை சரியா வந்தாப் பிறகு பார்ப்பம்.

மழைச்சனி
எந்த மூணு பேர்னு யார் முடிவு பண்றது? பயிற்சி முடியறப்ப கடைசி அஞ்சு நிமிஷம் எல்லாரும் சதுரத்துலேர்ந்து பதினஞ்சு மீட்டர் கூம்புக்கு உதைக்கட்டும். அஞ்சுக்கு மூணு கூம்புக்குப் பக்கத்துல விழுந்தா அந்த ஞாயிறு அவங்க உதைக்கலாம்.

கிழக்குப்பக்கம்
அட்டவணையை அச்செடுத்தாச்சு. ஒன்னு மட்டும்: ஞாயித்துக்கிழமை காலையில சளி, பிறந்தநாள்னு பதினெட்டு பேர்தான் வந்தா?

நாலுதூண்
அ, ஆ அஞ்சஞ்சு பேர். இ, ஈ நாலு நாலு. அ, ஆ நடுவுல இருக்கிறப்ப முன்களத்துக்கும் பின்களத்துக்கும் பெஞ்ச்லேர்ந்து ஒவ்வொருத்தரைக் கடனா அனுப்புங்க. இ, ஈ முறை வர்றப்ப பெஞ்ச்ல இருக்கிற குழு நடுவுக்கு ஒருத்தரைக் கொடுக்கும். எப்பவும் பெஞ்ச்ல மூணு பேர் மிஞ்சுவாங்க. கடன் போன பிள்ளையோட பேரைச் சிவப்புல எழுதி வைங்க, இல்லன்னா அடுத்த வாரமும் அதே பிள்ளையத்தான் அனுப்புவீங்க.