பஞ்சுத் தூசியும் நுரையீரலும்: மில்லில் அளந்து பார்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு

ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து மூச்சுத் திறனை அளக்கும் சோதனை) டெக்னீசியன்:
நூற்பாலையில் முகாம் போடுபவர்கள் முதலில் எந்த நாள் என்று பாருங்கள். வாரத்தின் நடுவில் ஊதவைத்தால் ஆரம்பக்கட்ட பைசினோசிஸ் (பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்) கண்ணில் படாமல் தப்பிவிடும். 1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் தொழில் நோய் மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங் கவனித்ததும் இதைத்தான்: லீவு முடிந்து வரும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், அடுத்த நாள் தணிந்துவிடும். நம் மில்களில் வார லீவு ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே திங்கட்கிழமை என்று பொத்தாம்பொதுவாக வைக்காமல் லீவு சார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி குறைந்தது 35 மணி நேரம் தூசி படாமல் இருந்திருக்க வேண்டும். சனி நள்ளிரவு ஷிப்ட் முடித்தவர் திங்கள் காலை 7 மணிக்கு வந்தால் 31 மணி நேரம்தான் ஆகியிருக்கும், அது போதாது.

உள்ளே போகும் முன் ஒருமுறை ஊத வேண்டும். வேலை தொடங்கி 4 மணி நேரத்துக்குப் பிறகு, 10 மணி நேரத்துக்குள் மறுமுறை. தூசியை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வைத்தால் அளவு கெட்டுவிடும்.

முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு (எஃப்.இ.வி.1) 5 சதவீதமோ 200 மில்லியோ குறைந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்காணிக்க வேண்டியவர். காலையில் 2.80 லிட்டர், மாலையில் 2.62 என்றால் குறைவு 180 மில்லிதான், ஆனால் அது 6 சதவீதத்துக்கு மேல். ரிப்போர்ட்டில் இரண்டுமே ‘நார்மல்’ என்றுதான் அச்சாகும். அந்த ஒரு சொல்லைப் பார்த்து ஆளை அனுப்பிவிடாதீர்கள்.

இவ்வளவு சின்ன வித்தியாசத்தைத் தேடுவதால் ஊதுவதில் ஒழுங்கு வேண்டும். தினமும் 3 லிட்டர் சிரிஞ்சால் கேலிபரேஷன், மூக்குக்கு கிளிப், நிமிர்ந்து உட்கார்ந்த நிலை, சரியாக ஊதியவை மூன்று. அவற்றில் சிறந்த இரண்டும் 150 மில்லிக்குள் ஒத்துப்போக வேண்டும். பல்லுக்கு முன்னால் மவுத்பீஸை வைத்துக்கொண்டு ஊதினால் உதட்டோரம் காற்று கசியும். எண் குறைவாக வரும், நோய் என்று தப்பாக நினைத்துவிடுவோம்.

தூசி சாம்பிள் எடுப்பவர்:
வெர்டிகல் எலுட்ரியேட்டரை (காற்றிலுள்ள நுண் தூசியை ஃபில்டரில் பிடிக்கும் கருவி) மூச்சு விடும் உயரத்தில் வையுங்கள். காற்றோட்டம் நிமிடத்துக்கு 7.4 லிட்டர். 6 மணி நேரம் ஓடினால் சுமார் 2.66 கன மீட்டர் காற்று. நூற்பு வரையிலான பிரிவுகளுக்கு ஓஷா 1978இல் வைத்த வரம்பு கன மீட்டருக்கு 0.2 மில்லிகிராம். அந்த வரம்பிலேயே இருந்தாலும் ஃபில்டரில் சேருவது வெறும் அரை மில்லிகிராம். காற்றுக்கு ஈரமூட்டும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஓடும் டிபார்ட்மென்ட்டில் ஃபில்டர் ஈரம் குடித்தால் இந்தக் கணக்கே கவிழும். எடுக்கும் முன்பும் பின்பும் ஒரே அறையில், ஒரே ஈரப்பதத்தில் ஆறவைத்து எடை போடுங்கள். பறக்கும் பெரிய இழைகளைப் பார்த்துத் தூசியை மதிப்பிடாதீர்கள். 15 மைக்ரானுக்கு உட்பட்ட தூளைத்தான் இந்தக் கருவி பிடிக்கிறது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் இடத்திலும் அது இருக்கும்.

புளோரூம் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பிரிவு) மெயின்டனன்ஸ்:
மெஷினுக்குள் உறிஞ்சல் சரியாக இருந்தும் அளவு ஏறுகிறதென்றால் ஏர் கன்னைத் தேடுங்கள். பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் மெஷின் மேல் படிந்ததை கம்ப்ரஸர் காற்றால் ஊதினால், கீழே கிடந்த தூசி எல்லார் மூக்குக்கும் வந்துவிடும். வேக்யூமால் உறிஞ்ச வேண்டும். ஊதியே ஆக வேண்டிய இடுக்கு என்றால் ஊதுபவருக்கு முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 மாஸ்க், மற்றவர்கள் வெளியே. துண்டை மூக்கில் கட்டுவது தும்மலை வேண்டுமானால் குறைக்கும். நுண் தூசி ஓரத்து இடைவெளியால் உள்ளே போய்விடும். கழிவுப் பஞ்சு பேல் கட்டும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அங்கே உறிஞ்சலே இருக்காது.

தொழிற்சாலை மருத்துவர்:
எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்று பைசினோசிஸை ஒதுக்கக் கூடாது, அதற்கென்று தனி நிழல் எதுவும் படத்தில் தெரியாது. பஞ்சோடு வரும் இலை, செதில்களில் உள்ள பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சுக்குத்தான் மூச்சுக்குழாயைச் சுருக்குவதில் முக்கியப் பங்கு என்று கருதப்படுகிறது. ‘மூச்சு வாங்குதா?’ என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். ‘லீவு முடிஞ்சு வர்ற அன்னைக்கு நெஞ்சு பிடிக்குதாம்மா? அடுத்த நாளும் இருக்குதா?’ என்று கேளுங்கள். முதல் நாளில் மட்டும் என்றால் ஷில்லிங் வகுத்த நோய் நிலைகளில் முதல் நிலை, மற்ற நாட்களுக்கும் பரவினால் இரண்டாம் நிலை. நிரந்தரமாக மூச்சுத் திறன் குறைந்துவிட்டால் மூன்று. அதற்கு முன்பே தூசி குறைந்த பிரிவுக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். இ.எஸ்.ஐ.யின் தொழில் நோய்ப் பட்டியலில் பைசினோசிஸ் இருக்கிறது. எந்த டிபார்ட்மென்ட்டில் எந்த ஆண்டு முதல் வேலை என்பதையும் இரண்டு வேளை அளவுகளையும் ஓ.பி. சீட்டிலேயே குறித்து, ஒரு நகலைத் தொழிலாளியிடம் கொடுங்கள்.