உதவி: ஒரே ஒரு கேரக்டர் மொத்தக் கதையையும் தின்னுது, என்ன செய்யலாம்?

கரிக்கட்டை:

வணக்கம் மக்களே. ஆறு பேர் சேர்ந்து எழுத்துல ஒரு ரோல்ப்ளே ஓட்டுறோம், அதாவது ஆளுக்கொரு கேரக்டரா மாறி எழுதுற கதை விளையாட்டு. ஒன்பது மாசம் ஆச்சு, நான்தான் ஜிஎம் (ஆட்டத்தை நடத்துற கேம் மாஸ்டர்). கற்பனை ராஜ்ஜியம், ஏழு கோட்டை, கோட்டைக்கு ஒரு சாபம். இப்போ மூணாவது கோட்டை வாசல்ல நிக்கிறோம். டைஸ் கிடையாது. ஆளுக்கு ஒரு பதிவு போடுவோம், அடுத்தவர் விட்ட இடத்துல இருந்து தொடர்வார்.

சிக்கல் ருத்ரசேனன்கிற கேரக்டர். கேரக்டர் விவரம் எழுதின ஷீட்டில் "காலத்தைச் சில நொடி நிறுத்துவான்" என்று மட்டும்தான் இருந்தது. ஓகே சொன்னது நான், அதனால தப்பும் என்னுதுதான். ஆனா போகப் போக காயம் தானா ஆறுது, எதிரி மனசைப் படிக்கிறான், போன மாசம் திடீர்னு ஒரு டிராகன் அவனுக்கு "பழைய நண்பன்" ஆகிடுச்சு.

போன வாரம் பாலத்துச் சண்டை. மூணு நாள் உட்கார்ந்து திட்டம் போட்டேன். பாதி எரிஞ்ச மரப்பாலம், அந்தப் பக்கம் நாற்பது வீரர்கள். எங்க திருடன் ஓணான் கயிறை அறுக்கணும், மருத்துவச்சி செம்பா அடிபட்டுக் கிடக்கிற தூதுவனை இழுத்துட்டு வரணும். காட்சியைத் திறந்த இருபது நிமிஷத்துல இது வந்து விழுந்தது:

"ருத்ரசேனன் விரலைச் சொடுக்கினான். காலம் உறைந்தது. அந்தரத்தில் நின்ற தீப்பொறிகளுக்கு நடுவே நிதானமாக நடந்து சென்று நாற்பது பேரின் தலையையும் கொய்தான். மீண்டும் சொடுக்கினான். 'முடிந்தது' என்றான்."

நிஜமாவே முடிஞ்சுபோச்சு. செம்பாவை எழுதுற தோழி அன்னிக்கு ராத்திரி போட்ட பதிவு ஒரே வரி: "செம்பா வேடிக்கை பார்த்தாள்." அதுக்கப்புறம் அவங்க எழுதவே இல்ல.

அவனை எழுதுறவரை வெளியேத்த மனசு வரல. எங்கள்ல நல்லா எழுதுறவர் அவர்தான். எல்லாரும் பிஸியா இருந்த ரெண்டு மாசம் கதையை அணையாம பார்த்துக்கிட்டதும் அவர்தான். எதிரிகளைப் பலமாக்கிப் பார்த்தேன், அவனுக்கு ஒன்னும் ஆகல, ஓணான்தான் சாகப் பார்த்தான். காலம் நின்னாலும் அசையற ஒரு மந்திரவாதியைக் கொண்டு வந்தேன். "இவனை எனக்காகவே செஞ்சிருக்கீங்க"ன்னு பிடிச்சுட்டார். உண்மைதான், என்ன சொல்றது.

வெட்டுக்கிளி:

தூக்கிடுங்க ப்ரோ. ஒருத்தரைக் காப்பாத்தப் போய் நாலு பேரை இழக்கப் போறீங்க.

பகடைமன்னன்:

பவரில் கை வைக்காதீர்கள். அந்தப் பதிவை மறுபடி படியுங்கள். காலம் நின்றதால் யாருக்கும் நஷ்டமில்லை. "கொய்தான்" என்ற ஒரு சொல்லில்தான் ஆட்டம் போனது. அந்த நாற்பது பேரும் உங்கள் ஆட்கள். தலை போனதா, குனிந்து தப்பினார்களா என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். அடுத்தவர் கையில் இருக்கும் ஆளுக்கு என்ன ஆனது என்று நாமே எழுதிவிடுவதற்குத்தான் காட்மோடிங் என்று பெயர். துருப்பிடித்த கத்தி வைத்திருக்கும் சாதா சிப்பாயை வைத்தும் அதைச் செய்யலாம். "கத்தியை எறிந்தான், தளபதி செத்தான்." அவ்வளவுதான், அவனும் ஓபி, அதாவது அளவு மீறிய பலசாலி.

எங்கள் குழுவில் உள்ள விதி ஒன்றே ஒன்று: செய்வது உன்னுடையது, ஆவது எதிராளியுடையது. எதிராளி சும்மா சும்மா தப்பித்துக்கொண்டே இருந்தாலும் அதுவும் ஏமாற்றுதான். மூன்று அடியில் ஒன்றையாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம்.

அப்புறம் ஷீட்டில் உள்ள அந்தச் "சில நொடி". சில என்றால் எத்தனை? நாலு என்று வையுங்கள். நிதானமாக நடக்கிற ஆள் நாலு நொடியில் ஐந்தாறு மீட்டர் போவான். நாற்பது தலை என்றால் தலைக்குப் பத்தில் ஒரு நொடி. எண் போட்டவுடனே பாதிப் பிரச்சினை தானாகக் கரையும். உங்கள் நண்பரின் பதிவையே மாற்றி எழுதிப் பார்த்தேன், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்:

"ருத்ரசேனன் விரலைச் சொடுக்கினான். தீப்பொறிகள் அந்தரத்தில் நின்றன. நாலு நொடி. நாற்பது பேரில் எவனிடம் போவது? கொம்பை வாயில் வைத்திருந்தவனை நோக்கி ஓடினான். மூன்றாவது நொடியில் காலுக்கடியில் பலகை இறங்குவது தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை."

பவர் அப்படியே இருக்கிறது. கொம்பு ஊதப்பட்டதா என்பது உங்கள் கையில். ஓணானுக்குக் கயிறு மிச்சம். பலகை முறிந்தால் செம்பாவுக்கும் வேலை.

நிழல்குதிரை:

நம்ம பழைய கதைகள்ல ஓபி ஆட்களுக்கா பஞ்சம்? வாலி முன்னால போய் நின்னாலே எதிராளியோட பாதி பலம் அவனுக்குப் போயிடும். கர்ணன்கிட்ட இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் இருந்தது. குறி தப்பாது, ஆனா ஒரே தடவைதான். அர்ஜுனனுக்காகப் பொத்திப் பொத்தி வெச்சிருந்ததை ஒரு ராத்திரி கடோத்கசன் மேல வீசித் தொலைக்க வேண்டி வந்தது. அங்க நம்மளைப் பிடிச்சு உட்கார வைக்கிறது ஆயுதத்தோட பலமா? வீசவா வேண்டாமான்னு அவன் படற பாடுதானே. கண்ணன் இன்னும் ஒரு படி மேல, ஆயுதமே தொட மாட்டேன்னுட்டு தேரோட்ட உட்கார்ந்துட்டான்.

உங்க மந்திரவாதி எடுபடாததுக்குக் காரணம், விலையை நீங்க வெச்சதுதான். அதை அவரையே வெக்கச் சொல்லுங்க. "காலத்தை நிறுத்தினா உன் ஆளுக்கு என்ன போகும்?" இது ஒரு எழுத்தாளர்கிட்ட கேட்கிற கேள்வி. "பவரைக் குறை"ங்கிறது திருடன்கிட்ட சொல்ற மாதிரி. நல்லா எழுதுறவங்க தங்களுக்குத் தாங்களே நம்மை விட மோசமான தண்டனை கொடுத்துக்குவாங்க, பார்த்திருக்கேன்.

இன்னொன்னு. எல்லாரும் சமமா இருந்தே ஆகணும்னு இல்ல. 1987ல வந்த ஆர்ஸ் மேஜிகா ஆட்டத்துல மந்திரவாதிகள் மத்தவங்களை விட எக்கச்சக்க பலசாலிகள், வேணும்னே அப்படி. ஆனா ஒருத்தருக்கே பல கேரக்டர் உண்டு. இந்தத் தடவை நீ மந்திரவாதின்னா அடுத்த தடவை காவல்காரனா வருவ. உங்க நண்பருக்கும் ஒரு சின்ன ஆளைக் கொடுத்துப் பாருங்க. ஒரு சமையல்காரன், பயந்தாங்கொள்ளி.

வெட்டுக்கிளி:

கண்ணன் ஆயுதம் தொடலையா? அப்போ பீஷ்மர் மேல சக்கரத்தைத் தூக்கிட்டு ஓடினது யாராம்?

நிழல்குதிரை:

அந்தச் சத்தியம் இல்லாம இருந்திருந்தா அவன் ஓடினதை நீங்க ஞாபகம் வெச்சிருப்பீங்களா தம்பி?

மூணாம்ஜாமம்:

கரிக்கட்டை, ஒரு கேள்வி. பாலத்துக் காட்சியும் அதுக்கு முந்தினதும் சேர்த்து மொத்தம் எத்தனை பதிவு? யார் யார் எத்தனை? எண்ணிட்டு வாங்க.

கரிக்கட்டை:

எண்ணினேன். மொத்தம் 64. ருத்ரசேனன் 31, நான் 14, ஓணான் 9, செம்பா 6, மத்த ரெண்டு பேரும் சேர்ந்து 4. இப்படி இருக்கும்னு நினைக்கல.

மூணாம்ஜாமம்:

அதான். செம்பாக்காரங்க எப்போ எழுதுவாங்க?

கரிக்கட்டை:

வேலை முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு மேல. அதுவும் தினமும் முடியாது.

மூணாம்ஜாமம்:

அப்போ காலத்தை நிறுத்துறது ருத்ரசேனன் இல்ல, அவரை எழுதுறவர். மத்தவங்க வேலையில இருக்கும்போது இவர் மட்டும் நடமாடுறார். அந்தப் பவரை ஷீட்டில் எங்கேயும் அடிக்க முடியாது. நாளைக்கே அவருக்கு ஒரு முடவனைக் கொடுங்க, இதே வேகத்துல எழுதினா அவனும் கதையைத் தின்னுடுவான்.

எங்க வழக்கம்: ஒருத்தர் பதிவு போட்டா, வேற ரெண்டு பேர் எழுதினப்புறம்தான் மறுபடி எழுதலாம். 48 மணி நேரம் யாரும் வரலைன்னா தடை போயிடும். எழுத முடியாதவங்க "பாஸ்"னு சொன்னா அதுவும் ஒரு பதிவா கணக்கு. கை அரிக்கிறவருக்குத் தனியா ஒரு பக்கக் கதை திறந்து விடுங்க, அவன் இளமைக்காலமோ என்னவோ, அங்க எத்தனை வேணா எழுதட்டும்.

பகடைமன்னன்:

மூணாம்ஜாமம் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு சேர்க்கை மட்டும். யாருக்கு என்ன ஆனது என்று வாக்குவாதம் வரும் இடங்களில் மட்டும் ரெண்டு டைஸ் உருட்டுங்கள். 10ம் அதற்கு மேலும் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை வெற்றி ஆனால் ஏதோ ஒன்று கெடும், 6க்குள் என்றால் ஜிஎம் சொல்வதுதான். 36 சேர்க்கைகளில் 10ம் அதற்கு மேலும் வருவது 6 தான். நடு அடுக்கு 15, கீழ் அடுக்கு 15. ருத்ரசேனனுக்கு 2 கூட்டிக்கொடுத்தாலும் முழு வெற்றி 15 ஆகும், நடு அடுக்கு அதே 15, கீழே இன்னும் 6 இருக்கும். பலசாலிதான், ஆனால் வியர்க்கும்.

வெட்டுக்கிளி:

நான் இன்னும் தூக்கிடுங்கன்னுதான் சொல்வேன்.

கரிக்கட்டை (17 நாள் கழித்து):

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொன்னா சொல்றேன்.

குழுவுல எழுதாம தனியா போன்ல பேசினேன். 64ல 31ங்கிறதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னார்: "நாலு நாள் யாரும் எழுதலைன்னா கதை செத்துடுமோன்னு பயமா இருக்கும், அதான் நானே முடிச்சு அடுத்த காட்சிக்குத் தள்ளிடுவேன்." இத்தனை மாசத்துல இதை நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்ல.

48 மணி நேர விதி வெச்சாச்சு. டைஸ் யாருக்கும் பிடிக்கல, விட்டாச்சு. பாலத்துக் காட்சியை அந்த முதல் சொடுக்கு வரைக்கும் பின்னால இழுத்தோம். மத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் கிளம்பிட்டார், அது ருத்ரசேனனால இல்லைன்னார், நம்பிக்கிறேன்.

விலையை அவரே வெச்சார். நிழல்குதிரை அக்கா சொன்ன மாதிரியே மோசமா: எத்தனை நொடி காலத்தை நிறுத்துறானோ அத்தனை மணி நேரம் அவன் கல்லா நிப்பான். மத்தவங்க தூக்கிட்டுப் போகணும். பாலத்துல நாலு நொடி எடுத்துக்கிட்டான். அதனால இப்போ நாலு மணி நேரம் சிலை. செம்பா தூதுவனை ஒரு பக்கமும் அவனை ஒரு பக்கமும் கைவண்டியில கட்டி இழுத்துட்டு வர்றா, அதுக்கே மூணு பத்தி எழுதினாங்க, முழுக்கத் திட்டு. ஓணான் அந்த நேரத்துல சிலையோட விரல்ல இருந்த மோதிரத்தை சத்தமில்லாம உருவிட்டான்.

டிராகனை மட்டும் என்ன பண்றதுன்னு தெரியல. அது இன்னும் கோட்டைக்கு மேல வட்டம் போட்டுட்டு இருக்கு.

வெட்டுக்கிளி:

அந்த மோதிரம் யாருது ப்ரோ? டிராகனோடதா இருந்தா?