புராஸ்டேட் வீக்கம்: என்40.0-வா, என்40.1-ஆ? சார்ட்டில் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

கிளினிக் விசிட் கோடிங் பார்ப்பவர்

நோய்களுக்குக் கோடு எண் கொடுக்கும் அமெரிக்கப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில், புற்றுநோய் அல்லாத புராஸ்டேட் வீக்கத்துக்கு (பிபிஹெச்) நான்கே கோடுகள். சிறுநீர்த் தொந்தரவு இல்லையென்றால் என்40.0, இருந்தால் என்40.1. சுரப்பி முடிச்சு முடிச்சாக இருப்பதாக டாக்டர் எழுதியிருந்தால் என்40.2, அதோடு தொந்தரவும் சேர்ந்தால் என்40.3. இவ்வளவு சின்ன லிஸ்டிலும் பிழை வருவதற்குக் காரணம், நோட்டின் ஒரு மூலையில் டயக்னோசிஸும் இன்னொரு மூலையில் தொந்தரவும் கிடப்பதுதான்.

வழக்கமாக வரும் நோட் இப்படி இருக்கும். ஹிஸ்டரியில்: "ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார், நீர்த்தாரை மெலிந்துவிட்டது, முக்கித்தான் போகிறார்." அசெஸ்மென்டில்: "பிபிஹெச், டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் தொடரவும்." அசெஸ்மென்ட்டை மட்டும் படிப்பவர் என்40.0 போட்டுவிட்டுப் போய்விடுவார். சரியான வரிசை: என்40.1, அதன்பின் ஆர்35.1 (இரவில் எழுவது), ஆர்39.12 (மெலிந்த தாரை), ஆர்39.16 (முக்கிப் போவது). ஐசிடியின் அகரவரிசை இன்டெக்ஸில் இந்தத் தொந்தரவுகள் "உடன்" என்ற சொல்லுக்குக் கீழே வருவதால், இரண்டும் நோட்டில் இருந்தாலே தொடர்பு இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். வேறு காரணத்தை டாக்டரே எழுதியிருந்தால் அது செல்லாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால் அடிக்கடி போகிறார், நீர் மாத்திரையால் போகிறார் என்றிருந்தால் அந்தத் தொந்தரவை வைத்து என்40.1-க்குப் போகக் கூடாது.

இதே நோட்டின் டெம்ப்ளேட் பகுதியில் "சிறுநீர்ப் புகார் எதுவும் இல்லை" என்று தானாக விழுந்திருப்பதும் உண்டு. அப்போது நமக்குப் பிடித்த வரியை நாமே தேர்ந்தெடுக்க முடியாது, டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்கும் குவெரிதான். சிறுநீர்த் தொந்தரவுக்கு மதிப்பெண் போட நோயாளி நிரப்பிய ஐபிஎஸ்எஸ் படிவமும் அப்படித்தான். மொத்தம் 35-க்கு 22 என்பது கடுமையான நிலை. ஆனால் டாக்டர் அதைத் தன் நோட்டில் எடுத்து எழுதாதவரை படிவத்தை வைத்துக் கோடு போட முடியாது.

ஆடிட் பார்ப்பவர்

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். "பிபிஹெச் வித் லட்ஸ்" (சிறுநீர்த் தொந்தரவுடன் கூடிய வீக்கம்) என்று மட்டும் எழுதி எந்தத் தொந்தரவு என்று சொல்லாவிட்டால் என்40.1 தனியாகவே போகலாம். குறிப்பிட்டிருந்தால் மட்டுமே கூடுதல் கோடு சேர்க்க வேண்டும் என்பதுதான் விதி.

அதிகம் தப்பாகப் போவது என்13.8, அதாவது சிறுநீர் அடைப்புக்கான கோடு. நீர்த்தாரை மெலிவு, முக்கிப் போவது இரண்டையும் பார்த்தவுடன் அடைப்பு என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். "அடைப்பு" என்று டாக்டர் எழுதினால்தான் என்13.8. வரிசையும் முக்கியம். ஆர்33.8 (நீர்த்தேக்கம்), என்13.8 இரண்டிலும் காரண நோயை முதலில் போடச் சொல்லிக் குறிப்பு இருக்கிறது, அதனால் அவை என்40.1-க்கு முன்னால் வரக் கூடாது. புராஸ்டேட்டால் நீர் தேங்கியது தெளிவாக இருக்கும்போது பொத்தாம்பொதுவான ஆர்33.9 போடுவதும் பிழைதான். சளி மாத்திரையாலோ வேறு மருந்தாலோ தேங்கியது என்று டாக்டர் சொன்னால் ஆர்33.0, கூடவே அந்த மருந்துக்கான டி (T) வரிசைக் கோடு.

சிறுநீரில் ரத்தம் என்40.1-ன் கீழ் உள்ள தொந்தரவு லிஸ்டில் இல்லை. வெறும் ரத்தத்தை வைத்து என்40.0-வை என்40.1 ஆக்காதீர்கள்.

மீதச் சிறுநீரை ஸ்கேனில் அளப்பதற்கான 51798-ஐ (இது சிபிடி, அதாவது மருத்துவச் செயல்முறைக்கான கோடு) பில் செய்யும்போது, சிறுநீர் கழித்த பிறகு எத்தனை மில்லி மீதம் இருந்தது, ஏன் பார்க்கச் சொன்னார் என்ற இரண்டும் நோட்டில் இருக்கட்டும். என்40.0-வை மட்டும் வைத்து அனுப்பினால், தொந்தரவே இல்லாதவருக்கு எதற்கு இந்த ஸ்கேன் என்ற கேள்வி வருவது நியாயம்தானே.

உள்நோயாளி கோடிங் பார்ப்பவர்

திடீர் நீர்த்தேக்கத்தோடு அட்மிட் ஆகி, காரணம் புராஸ்டேட் என்று டாக்டர் எழுதினால் பிரின்சிபல் என்40.1, செகண்டரி ஆர்33.8. "சந்தேகம்", "இருக்கலாம்" போன்ற சொற்களில்தான் குழப்பம். டிஸ்சார்ஜ் நேரத்தில் அப்படி எழுதியிருந்தால் உள்நோயாளிக்கு அந்த நோய் இருப்பதாகவே கோடு செய்கிறோம். கிளினிக் விசிட்டில் அது கூடாது. அங்கே பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை அளவு) ஏறியிருக்கிறது, புற்றுநோயோ என்று சந்தேகம் என்றால் ஆர்97.20-வோடு நிற்க வேண்டும், சி61 போட்டால் அந்த மனிதரின் ரெக்கார்டில் இல்லாத புற்றுநோய் ஏறிவிடும். இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

சர்ஜரி கோடிங் பார்ப்பவர்

ஆபரேஷன் நோட்டில் "அடினோமாவைச் சுரண்டி எடுத்தோம்" என்று யூராலஜிஸ்ட்கள் சகஜமாக எழுதுவார்கள். பெருத்த திசுவைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு டி29.1-க்கு (D29.1, புராஸ்டேட்டின் புற்றல்லாத கட்டி) போனால் என்40-ஐக் கூடவே போட முடியாது, இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்ற எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு தடுத்துவிடும். போஸ்ட்-ஆப் டயக்னோசிஸ் வரியைப் பாருங்கள். அங்கேயும் அடினோமா மட்டுமே இருந்தால் கேட்டுவிடுங்கள். சி61 அப்படியல்ல, அது எக்ஸ்க்ளூட்ஸ்2. இரண்டும் இருப்பதாக எழுதியிருந்தால் இரண்டையும் போடலாம்.

டியுஆர்பி (சிறுநீர்த் துவாரம் வழியாகப் புராஸ்டேட்டைச் சுரண்டும் ஆபரேஷன், சிபிடி 52601) முடிந்து எடுத்த துணுக்குகளில் புற்றுநோய் என்று பேத்தாலஜி வந்தால், வெளிநோயாளி சர்ஜரியில் கோடு செய்யும் நேரத்தில் ரிப்போர்ட் கையில் இருந்தால் சி61 போடலாம். உள்நோயாளி என்றால் அட்டெண்டிங் டாக்டர் அதை உறுதி செய்து எழுத வேண்டும்.

டாகுமென்டேஷன் குவெரி எழுதுபவர்

"என்40.1 என்று மாற்றலாமா?" என்று கேட்பது டாக்டர் வாயில் பதிலைத் திணிப்பது. நோட்டில் இருப்பதை எடுத்து வைத்துக் கேளுங்கள்: "ஹிஸ்டரியில் இரவில் நான்கு முறை சிறுநீர், மெலிந்த தாரை. சிஸ்டம் ரிவ்யூவில் சிறுநீர்ப் புகார் இல்லை. அசெஸ்மென்டில் பிபிஹெச், டாம்சுலோசின். தெளிவுபடுத்தவும்: சிறுநீர்த் தொந்தரவுடன் கூடிய பிபிஹெச் / தொந்தரவு இல்லாத பிபிஹெச் / தொந்தரவுக்கு வேறு காரணம் / மற்றவை / தீர்மானிக்க இயலவில்லை." கடைசி இரண்டு தேர்வுகளையும் விட்டுவிடாதீர்கள்.

"மருந்தில் கட்டுப்பாட்டில் உள்ள லட்ஸ்" என்றால் என்40.1 தொடரும், சிகிச்சையே அதற்குத்தான் நடக்கிறது. "டாம்சுலோசின் எடுக்கிறார், புகார் இல்லை" என்று மட்டும் இருந்தால் மேற்படி குவெரியைப் போட்டுவிடுங்கள்.

சர்ஜரிக்குப் பிறகும் பழைய என்40.1 நோட்டுக்கு நோட்டு காப்பியாகி வந்துகொண்டே இருக்கும். நோய் தீர்ந்தது என்று டாக்டர் எழுதியிருந்தால், முன்பு இருந்த நோய் என்பதற்கான இசட்87.438. திரும்ப வளர்ந்து மறுபடியும் சுரண்டினால் டயக்னோசிஸ் என்40-க்குத் திரும்பும், சிபிடி 52601 அல்ல, 52630.